கூட்டத்துக்கு முன்னால் விருந்து

உல்ஜான் அக்காவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. அந்த அம்மாளுக்கு எப்படி இருக்கும்? நாரின் மலைப்பக்கத்தில், எங்கள் கோக்-ஜார் ஊர் மருத்துவமனையில் அவர் தலைமை நர்ஸ். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். மருத்துவ ஊழியர் சங்கத்தில் எங்கள் ஊர்க் கிளைக்கு அவர்தான் செயலாளர். யாரும் மாலை போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு இருந்தவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனார், அலுவலகச் சாவி அக்கா கையில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊழியர் வீட்டில் சாவு விழுந்தால் முற்றத்தில் கூடாரம் அடிக்க ஆள் பிடிப்பது, சம்பளம் தாமதமானால் மேலிடத்துக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவது எல்லாம் அவர் தலையில். "யாராவது எடுத்துக்கோங்கப்பா, எனக்கு முடியலை" என்பார். யார் எடுத்தார்கள்? நானும் எடுக்கவில்லை.

இப்படிச் சலித்துப்போன மனுஷி ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். இஸ்ஸிக்-குல் ஏரிக்கரையில் சங்கத்துக்கு ஒரு சிகிச்சை இல்லம் உண்டு. கிளைக்கு வருஷம் ஒரு இலவச இடம். இந்த வருஷம் அது சாய்கலுக்கு என்று எல்லோருமாக முடிவு செய்திருந்தோம். சாய்கல் ஊசி போடும் நர்ஸ். மூட்டுவாதம் வந்து விரல்கள் மடங்காமல் அவதிப்படுகிறாள். அங்கே போய்ச் சேற்றுக் குளியல் எடுத்தால் இந்தக் குளிர்காலத்தைத் தள்ளிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகாவிட்டால் சிரிஞ்சைப் பிடிக்க முடியாது, வேலை போய்விடும். புருஷனை இழந்தவள். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அந்த நேரம் பார்த்துத்தானா கிளைகளை இணைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும்? எங்களைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் டவுன் கிளையோடு சேர்க்கிறார்களாம். இரண்டு கிளைக்கும் சேர்த்து இனி ஒரே இடம். டவுன்காரர்கள் எங்களைப் போல மூன்று மடங்கு. ஓட்டுக்கு விட்டால் அந்த இடம் யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் எங்கள் கிளையும் சம்மதித்துக் கை தூக்கினால்தான் இணைப்பு செல்லும். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு இடம் என்று தீர்மானத்தில் எழுதட்டும், அதற்குப் பிறகு கை தூக்குவோம், அதுவரை எவனும் தூக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

கூட்டம் டவுனில். அந்தக் கிளையின் தலைவர் எர்மெக் ஆடு வெட்டியிருந்தார். முதலில் விருந்து, பிறகு கூட்டம் என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் மலை இறங்கி வந்த பசி, ஆவி பறக்கும் கறி. வாயைத் திறந்தேன், தின்னத்தான் திறந்தேன். பெண்களில் மூத்தவருக்கு என்று ஒதுக்கும் இடுப்பெலும்புக் கறியை எர்மெக் தன் கையாலேயே அக்கா முன்னால் வைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் பெய்ஷேனை ஆசி சொல்லச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற டாக்டர், எங்கள் ஊரிலும் டவுனிலும் பாதிப் பேரைப் பிரசவத்தில் கையில் ஏந்தி வெளியே எடுத்தவர். சாப்பாட்டுக்கு ஆசி சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"ரெண்டு அடுப்பும் ஒரே அடுப்பா எரியட்டும். உங்களுக்குள்ள உன்னுது என்னுதுன்னு பேச்சே வராம இருக்கட்டும். ஓமின்."

எங்கள் கைகளுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். ஆசி காதில் விழுந்தால் உள்ளங்கை விரியும், அப்படியே ஆகட்டும் என்று வாய் ஓமின் சொல்லும், கை முகத்தைத் தடவும். மூளையைக் கேட்டுக்கொண்டா செய்யும்? நான் தடவினேன். அக்கா தடவினார். சாய்கல், பாவி மகள், மடங்காத விரல்களால் எல்லோரையும்விடப் பக்தியாகத் தடவினாள்.

எர்மெக் எழுந்தார். "பெரியவர் வாக்கு சொல்லிட்டாரு, நாமளும் ஓமின் சொல்லிட்டோம். இனிமே கையத் தூக்கச் சொல்லி எண்ணினா அவரை நாமளே அவமதிச்ச மாதிரி ஆயிடாதா?"

அக்கா பாதி எழுந்தார். பெரியவர் அவரைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தார். அக்கா உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஓமின் சொன்ன வாயை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

இரண்டு இடம் என்று எழுதாமலே இணைப்பு முடிந்துவிட்டது. அடுத்த மாதமே அந்த ஒரே இடம் டவுனில் எக்ஸ்ரே எடுக்கும் ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அவளுக்கு முதுகெலும்பில் ஏதோ கோளாறாம். அக்கா என் வண்டியில் ஏறிப் பெரியவர் வீட்டுக்கு விடச் சொன்னார். கொடுத்த ஆசியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று நேராகவே கேட்டார். பெரியவர் முகம் செத்துவிட்டது.

"இடம் விஷயம் எனக்குத் தெரியாதும்மா. எர்மெக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். உங்க வாக்குப்படிதான் ஐயா, உன்னுது என்னுதுன்னு பாக்கலைங்கறான்."

"அப்ப வாக்கைத் திருப்புங்க."

"திருப்பினா அது சாபம். புறங்கையைக் காட்டித்தான் சொல்லணும், யார் தலையிலயாவது விழாமப் போகாது. யார் மேல போடட்டும்? பேரைச் சொல்லு."

அக்கா யார் பேரைச் சொல்வார்? எர்மெக்குக்குச் சின்னப் பிள்ளைகள். அந்த எக்ஸ்ரே பெண் என்ன பாவம் செய்தாள்? பெரியவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குள்ளே எர்மெக் பெயர் துடித்தது, நான் சொல்லவில்லை. "டீ ஆறிப்போச்சு, ஐயா" என்று அக்கா எழுந்தார்.

திரும்பி வந்து சாய்கலிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கத்தியிருக்கலாம், நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"பேர் சொல்லாம வந்தீங்களே, அதுவே போதும்க்கா. அந்த எக்ஸ்ரே பொண்ணுக்கும் வலிதானே" என்றாள்.

"அப்படிச் சொல்லாதடி" என்றார் அக்கா. "என்னைத் திட்டித் தொலை. தாங்கிக்குவேன்."

சாய்கல் திட்டவில்லை. இப்போது காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் அக்கா வந்து, சிரிஞ்சுகளில் மருந்தை ஏற்றி வரிசையாகத் தட்டில் வைத்துவிடுகிறார். சாய்கல் அவற்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித் தூக்கி, மணிக்கட்டால் அழுத்தி ஊசி போடுகிறாள். நோயாளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வலிக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.