இடது கையில் மிச்சமிருந்த பேச்சு

கும்மிடிப்பூண்டில நான் வேலை பாத்த ரோலிங் மில்லுல வாய் எதுக்கும் ஒதவாது. பழுத்த இரும்பு ரோலருக்குள்ள போவும்போது காதுல கத்தினாலும் கேக்காது. அதனால நானும் என் ஜோடிக்காரனும் கையாலயே பேசிக்கினோம். முதல்ல ‘நிறுத்து’, ‘தள்ளு’, அவ்ளோதான். ஏழெட்டு வருஷத்துல அது வளந்து முழு பாஷையா ஆயிடுச்சு. மேஸ்திரியைத் திட்டுறது, ஊட்டுச் சண்டை, எல்லாம் கையிலயே ஓடும். மத்தவனுங்களுக்குப் பாதி புரியாது. அந்தத் திமிரு எனக்கு நிறையவே இருந்துச்சு.

ஒரு நாள் காலைல நாஷ்டா துன்னும்போதே அவன் சாஞ்சுட்டான். மூளைல ரத்தம் அடைச்சுக்கிச்சாம். திருவள்ளூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேத்தாங்க. வலது கை வுழுந்துடுச்சு, பேச்சு போச்சு. நான் போனதும் அவன் பொண்டாட்டி அழுதுச்சு.

“ராவும் பகலும் முனகிக்கினே கீறாருண்ணா. எங்க வலிக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுண்ணா.”

“போனது தமிழுதாம்மா. கைப்பேச்சு நாங்களா கட்டினது, அது மூளைல வேற எடத்துல இருக்கும். இடது கை நல்லாத்தான கீது, நான் பேச வைக்கிறேன்”னு பெரிய இவனாட்டம் சொன்னேன்.

கட்டில் முன்னாடி நின்னு, எங்க வலின்னு கையால கேட்டேன். அவன் மூஞ்சி மலர்ந்துச்சு. இடது கை படபடன்னு ஆரம்பிச்சுது. ரோலர், நாளைக்கு, மேஸ்திரி, சூடு, நாளைக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. திரும்பக் கேட்டேன், திரும்பவும் அதேதான். எனக்குப் புரியலன்னதும் அவனுக்குக் கோவம் வந்து இன்னும் வேகமா சொன்னான்.

டாக்டரம்மா பக்கத்துல நின்னு பாத்தாங்க. “அம்மா சொல்லிக் குடுத்தாலும், நீங்களா உண்டாக்கினாலும், மூளைக்கு எல்லாம் பாஷைதாங்க. ஒரே எடத்துலதான் வெச்சுக்கும்”னாங்க. எனக்குப் பத்திக்கினு வந்துது. எங்க கைப்பேச்சை யாராவது ஒருத்தர் பாஷைன்னு ஒத்துக்கமாட்டாங்களான்னு வருஷக்கணக்கா ஏங்கினவன் நான். ஒத்துக்கினாங்க, எப்போன்னு பாருங்க.

“இன்னாண்ணா சொல்றாரு?” அந்தப் பொண்ணு என் மூஞ்சியையே பாத்துச்சு.

அவன் கை நிக்கல. என்னால தாங்க முடியல. அந்தக் கையைப் புடிச்சு மெத்தைல அழுத்திட்டேன். மில்லுல ஒருத்தன் கையை அப்படிப் புடிச்சா அவன் வாயைப் பொத்துன மாதிரி, அடிதடியே நடக்கும். அவன் என்னையே பாத்தான். அது மட்டும் அவனுக்கு நல்லாப் புரிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் அவன் கையைத் தூக்கவே இல்ல. ரெண்டு நாள் முனகிக்கினே கெடந்து போய்ச் சேந்தான்.