வெயிலில் காயவைத்த பேட்டரிக் கட்டைகள்

போன வாரம் டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்று அதிலிருந்த பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். ஏனாத்தூரில் காலேஜ் படிக்கும் என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ம்மா, கட்டைய போய் யாராச்சும் காய வைப்பாங்களா? இது இன்னா வடகமா?" என்றாள். டி.வி.க்குப் பதிலாக இதைப் பாரு என்று தன் போனில் ஒரு படத்தைப் போட்டு என் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

வெள்ளைக்காரர்கள் பழைய ராக் ஆல்பம் ஒன்றை எப்படி உருவாக்கினார்கள் என்று சொல்லும் ஆவணப்படம். என் மகளுக்கு இந்த மாதிரிப் படங்கள் இருந்தால் நாஷ்டாவே வேண்டாம். தலை நரைத்த ஒருவர், மேசை அகலத்துக்குப் பொத்தான்கள் வைத்த மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கிடார் போயிற்று, குரல் போயிற்று, டிரம் மட்டும் தனியாக நின்றது. இந்த இடத்தில் ஒரு தப்பு நடந்தது, கேட்க நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம் என்று சிரித்தார். "அடி சக்கை, நம்ம ஆளு!" என்று கத்திவிட்டேன்.

சிரிக்காதீர்கள், நானும் ஆல்பம் போட்டவள்தான். ஒரு கேசட், அதில் ஒரே ஒரு பாட்டு. டிரம் அடித்தது நான்.

அப்போதெல்லாம் உத்திரமேரூர் பக்கம் கல்யாணம் என்றால் பேண்டு செட் வந்தாக வேண்டும். எங்கள் காலனி செட்டில் டிரம் அடித்தவர் என் நைனா. அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதும் குச்சி என் கைக்கு வந்தது. "இன்னாது, பொண்ணு டிரம் அடிக்குதா!" என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தால்தான் செட்டுக்கே பேர் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிரம்பெட் ஊதியவர் தாஸ் அண்ணன். பாட்டு, அவர் தங்கை குமாரி. இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். இந்தக் கதைக்கு நாங்கள் மூன்று பேர் போதும்.

சினிமாப் பாட்டையே ஊதி ஊதி உதடு தடித்துப்போன தாஸ் அண்ணன், சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். 'ஏரி ரொம்பி கீது, எங்க வூட்டுக்கு வா' என்று ஆரம்பிக்கும். எருமை மேய்ந்துவிட்டு வீடு திரும்புகிற வேகத்தில் போகும். கல்யாண வீட்டில் அதை எடுத்தாலே, "தூக்கம் வருதுபா, வேற வாசி" என்பார்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு மைக் செட் போடும் முனுசாமிதான், "கேசட்டா கொண்டா, புளியமரத்து ஸ்பீக்கர்ல போட்டு வுடறேன்" என்று வாக்குக் கொடுத்தார். தாஸ் அண்ணன் எங்களைக் கூப்பிட்டு, "இதுவும் எடுபடலேன்னா டிரம்பெட்ட வித்துட்டு கல்லு ஒடைக்கப் பூட்றேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்குவாரியில் பேசியும் வைத்திருந்தார்.

அந்த வெள்ளைக்காரர்கள் எதிரொலிக்காக மாடிப்படியில் நின்று பாடினார்களாம். எங்களுக்கு மாடி ஏது? கோடையில் வற்றிக் கிடந்த பெரிய கிணறு இருந்தது. குமாரி அடியில், பக்கத்தில் டேப் ரெக்கார்டர், தாஸ் அண்ணன் பாதிப் படியில், நான் கரையில். டிரம் எல்லாவற்றையும் அமுக்குகிறது என்று என்னைத் தள்ளித் தள்ளி வேப்பமரம் வரைக்கும் அனுப்பிவிட்டார்கள். அவமானமாகத்தான் இருந்தது.

கிணற்றுக்குள் கரண்டு கிடையாது, பேட்டரிக் கட்டைதான். ஒவ்வொரு தடவை பதிந்ததும் போட்டுப் போட்டுக் கேட்டோம். தன் குரல் ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வந்தால் குமாரி சும்மா இருப்பாளா? "இன்னொரு வாட்டி போடுண்ணா" என்று கேட்டே கட்டையைத் தீர்த்துவிட்டாள். கழற்றிப் பாறை மேல் வெயிலில் காயவைத்தோம். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். சூடேறினால் கொஞ்ச நேரம் உயிர் வரும். சூடு ஆறுவதற்குள் மாட்டி ஒரே மூச்சில் பாடி முடித்தோம். அதே கட்டையில் போட்டுக் கேட்டோம். பாட்டு அதே நடையில், கிணறு முழங்க அருமையாக வந்தது. தாஸ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருவிழா அன்று மத்தியானம். கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் மணக்கின்றன. முனுசாமி தன் கரண்டு செட்டில் கேசட்டைப் போட்டார். ஐயோ, பாட்டு குதித்துக்கொண்டு வெளியே வந்தது! குமாரி குரல் கைக்குழந்தைக் குரலாகிவிட்டது. டிரம்பெட் விசிலடித்தது. என் டிரம், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. செத்த கட்டையில் மெதுவாக ஓடிப் பதிந்த டேப், நல்ல கரண்டில் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்பதெல்லாம் பிற்பாடு புரிந்தது. அப்போது மானம் போனது மட்டும்தான் தெரிந்தது. "பேஜாரா பூட்ச்சே" என்று தாஸ் அண்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். முனுசாமி நிறுத்தக் கையை நீட்டினார்.

"யோவ், நிறுத்தாத!" என்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால், கூழுக்கு நின்ற வரிசையே ஆடிக்கொண்டிருந்தது. சொம்பும் தூக்குச்சட்டியும் தாளம் போட்டன. முடிந்ததும் மறுபடி போடு என்றார்கள், மறுபடியும் போடு என்றார்கள். மானாம்பதியிலிருந்து வந்திருந்த ஒருவர் எங்களைத் தேடி வந்து, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு இதே பாட்டு. கேசட்டுல கீற ஸ்பீடு கொறையக் கூடாது" என்றார். குமாரி என்னைப் பார்த்தாள். மனுஷர் வாசிக்கிற வேகமா அது? தாஸ் அண்ணன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "வாசிக்கிறோம்" என்றார்.

ஆவணி வரைக்கும் பேயாகப் பழகினோம். என் மணிக்கட்டு வீங்கியது, அவர் உதடு வெடித்தது, குமாரி பாதிப் பாட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். ஆனால் மானாம்பதி மாப்பிள்ளை ஊர்வலத்தில் எடுத்தோம் பாருங்கள், கேசட்டே எங்களிடம் பிச்சை வாங்க வேண்டும்! மாப்பிள்ளை காரிலிருந்து குதித்து ஆடினார், மாமனார் அவருக்கு மேல் ஆடினார். அதற்கப்புறம் திருமுக்கூடல் வரைக்கும் எங்களுக்கு 'ஸ்பீடு செட்' என்றே பேர். சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

கிணற்றைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். புளியமரம் ரோட்டுக்குப் போயிற்று, கேசட்டை எலி தின்றது. இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மகள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் குமாரியையும் தாஸ் அண்ணன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். டிரம்பெட் இன்னும் பளபளவென்று ஆணியில் தொங்குகிறது. "மாமா, மொதல்ல கட்டன மாதிரியே மெதுவா வாசி, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்று போனை நீட்டினாள்.

டிரம்முக்கு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தோம். ரெண்டாவது வரிக்குள் என் கை தானாக ஓடியது, குமாரி துரத்திக்கொண்டு வந்தாள். நிறுத்தி மறுபடி ஆரம்பித்தோம், மறுபடியும் ஓட்டம். கிணறு இருந்த இடத்தையாவது கைகாட்டலாம். அந்த மெதுவான பாட்டு எங்கள் மூன்று பேருக்கும் அடியோடு மறந்துவிட்டது.

"மெதுவா வாசிக்கவே வராதா மாமா?" என்றாள் மகள்.

தாஸ் அண்ணன் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மெதுவா வாசிச்சவன் அன்னிக்கே கல்லு ஒடைக்கப் பூட்டாம்மா."