என் மரணச் செய்தி எனக்கே வந்த நாள்

நான் செத்துப்போன செய்தி எனக்கே மின்னஞ்சலில் வந்தது!

தொண்ணூறுகளின் கடைசி. லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் இன்டர்நெட் வந்திருந்தது. (கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத்தான் கனெக்ட் ஆகும்.)

அன்று ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல் பிடுங்கிவிட்டு வந்திருந்தேன். வாய்க்குள் பஞ்சு, கன்னம் பூசணிக்காய். சும்மா மெயிலைத் திறந்தால், நான் காலமாகிவிட்டேன்.

கீழே ஒரு வரி: 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் அன்னாரின் ஆத்மா சாந்தியடையும்.'

கீழே கீழே உருட்டிப் பார்த்தேன். ஆர்ச்வே முருகன் கோயிலில் என்னைக் காணாத நண்பன்தான் தொடக்கம். பல் பிடுங்க ஆஸ்பத்திரி போயிருக்கிறான், முருகனை வேண்டுங்கோ என்று நல்ல மனதோடு எழுதியிருந்தான்.

பாரிஸில் யாரோ பல்லைக் கழற்றிவிட்டார்கள். வெறும் ஆஸ்பத்திரி மட்டும் மிஞ்சியது.

அடுத்தவர் அதைக் 'கடும் சுகவீனம்' ஆக்கினார். டொரோண்டோவில் எனக்கு மச்சான் முறையான ஒருவர் கதையை முடித்தே வைத்துவிட்டார்.

சிரிக்கப் போனேன். அப்போதுதான் கொழும்பில் இருக்கும் அம்மாவின் நினைவு வந்தது. நெஞ்சு வருத்தக்காரி. இந்தச் செய்தியை அந்த இதயம் தாங்காது.

போனை எடுத்தால் கொழும்பு லைன் எங்கேஜ். திரும்பத் திரும்ப எங்கேஜ்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பெல். நோர்பரியில் இருக்கும் சிவம் அண்ணையும் மனைவியும், கையில் சோற்றுச் சட்டி, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா? லண்டனின் அந்தத் தொங்கலிலிருந்து, மறு கோடியிலிருந்து, சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

கதவைத் திறந்தது பிரேதம்.

அண்ணையின் மனைவி ஒரு அடி பின்னால் போனார். அண்ணை என் வீங்கிய கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே அண்ணை" என்றேன், பஞ்சுக்குள்ளால்.

"செத்த வீட்டுக்குப் போன் எடுத்து, ஆள் செத்தது மெய்யோ எண்டு கேக்கிறதே? அது மரியாதையில்லை தம்பி."

சட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். (சோறு மணந்தது. எனக்குக் கஞ்சி மட்டும்தான் அனுமதி.)

ஒருவழியாகக் கொழும்பு லைன் கிடைத்தது. "அம்மா" என்றேன். விறைத்த வாயிலிருந்து ஏதோ ஒரு முனகல்தான் வந்தது. அம்மா, "இன்னொருத்தர் அழுறார்" என்று பக்கத்தில் யாருக்கோ சொன்னார்!

என் மனைவி போனைப் பறித்து, நான் உயிரோடு இருப்பதாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. எல்லாரும் போன் எடுத்து அழுதவை. நான் நம்பேல்லை. அவன் எனக்குச் சொல்லாமல் ஒரு இடமும் போறேல்லை."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பல் நோவு என்று சமாளித்தேன்.

சிவம் அண்ணை குடும்பம் எங்கள் மேசையிலேயே இருந்து என் செத்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. நான் உட்கார்ந்து எல்லோருக்கும் மெயில் எழுதினேன்: 'நான் உயிரோடு இருக்கிறேன். தயவுசெய்து இதையும் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.'

ஒருவரும் அனுப்பவில்லை.

பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. என்னைச் சாகடித்த அதே டொரோண்டோ மச்சானிடமிருந்து.

'இப்பிடியான மெயிலுகளை உறுதிப்படுத்தாமல் அனுப்பாதேங்கோ. அந்தக் குடும்பம் இப்ப இருக்கிற நிலைமையை ஒருக்கா யோசியுங்கோ.'

நீங்களே சொல்லுங்கள், செத்தவன் இதற்கு என்ன பதில் எழுதுவது?