பிரேக் இல்லாத நாற்காலி

பதினெட்டு வருடம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிழைத்தவர் இவர். இப்போது, நாற்பத்தாறாவது வயதில், மனநல ஆலோசகரின் நாற்காலிக்கும் வந்திருக்கிறார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பயிற்சிக் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் எதிலாவது மோதப் போனால் ஆசிரியர் மிதித்துவிடலாம். இவர் மோதுவதற்கு வெகு முன்பே மிதித்துவிடுவார். அதனால் பழகியவர்களுக்கெல்லாம் இவர் ‘பிரேக் அக்கா’.

“கார்ல ஏறினா எல்லாரும் மனசு விட்டுப் பேசுறாங்க. மூஞ்சியப் பார்க்க வேண்டியதில்ல, ரெண்டு பேரும் ரோட்டைத்தானே பார்க்கிறோம்! மாமியார் சண்டை, தங்கச்சி காதல், எல்லாம் வந்து விழும். கியர் மட்டும் விழாது” என்கிறார்.

ஒருநாள் சிக்னலில் நின்றபோது, ஓட்டப் பழக வந்த நர்ஸ் ஒருவர், தன் வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று ஓவென அழுதார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் சத்தம். அக்காவின் வாயில் வந்தது இதுதான்: “முதல்ல இண்டிகேட்டரைப் போடும்மா.”

நர்ஸ் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். பிறகு லைசென்ஸும் வாங்கினார். அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே! அந்த வருடமே ஆலோசகர் பயிற்சிக்கான மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒருத்தரையும் முழுசாப் பேச விடமாட்ட. உனக்கு இந்தப் படிப்பா?”

“நீங்க பேசுறது வெட்டவேண்டிய பேச்சு. மத்தவங்க பேச்சு வேற.”

எழுத்துத் தேர்வுகளில் அக்கா பிய்த்து உதறினார். மிச்சமிருந்தது ஒன்றுதான். ஆலோசனைக்கு வந்த ஒருவருடன், அவர் சம்மதத்தோடு, நடக்கும் உரையாடலை வீடியோ எடுத்து மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். கடையைப் பிரித்துக்கொண்டு போன தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லாதவர். மேற்பார்வையாளரோ அக்காவிடமே கார் பழகியவர்.

அவர் வீடியோவை நிறுத்தினார். “அக்கா, உங்க வலது காலைப் பாருங்க.”

பேக்கரிக்காரரின் குரல் தழுதழுக்கும்போதெல்லாம் அக்காவின் கால் தரையை அழுத்தியது. அடுத்த நொடியே, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றோ, “கடையில ஓவன் புதுசா?” என்றோ ஒரு கேள்வி. பேச்சு அங்கேயே நின்றது.

“அவர் மோதிடுவார்னு நிறுத்துறீங்க. இங்க அவரைப் போக விடணும்க்கா.”

“ரிவர்ஸ்ல நீ மதிலை இடிக்கப் போனப்ப நான் நிறுத்தலன்னா என்ன ஆகியிருக்கும் தம்பி?”

“அது மதில்க்கா. இவர் மனுஷர்.”

அக்காவுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் கால் அழுத்தினால் ஒரு வருடப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“சம்மணம் போட்டு உக்காரேன்,” என்றார் கணவர்.

“நான் ஆலோசகராகணுமா, சாமியாராகணுமா?”

அப்படிச் சொன்னாலும், செய்தும் பார்த்தார். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் பேக்கரிக்காரர் மறுபடி வந்தார். கேமரா ஓடியது. தம்பி சாமான்களை வண்டியில் ஏற்றிய நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். அக்காவின் பாதம் அழுந்தியது. பேக்கரிக்காரர் குனிந்து பார்த்தார்.

“மேடம், கீழ என்ன அமுக்குறீங்க?”

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன பயன்?

“பிரேக்குங்க. கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த பழக்கம். நீங்க அழுதுடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

பேக்கரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அழுதா அழுதுட்டுப் போறேன் மேடம். நீங்க காலை எடுங்க.”

அக்கா எடுத்தார். இரண்டு பாதங்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவர் அழுதார். இவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவர் சொன்னது அந்த அறையோடு சரி. மற்றதை எழுதிக்கொள்ள, இதை எழுதும் எனக்கு அனுமதி தந்தார்.

வீடியோவைப் பார்த்து முடித்த மேற்பார்வையாளர், கையெழுத்துப் போட்டுவிட்டு, “ரோட்டுல மட்டும் பழையபடியே மிதிங்க. என் தங்கச்சி உங்ககிட்டதான் சேர்றா” என்றார்.

கண்ணாடிக் கடை மாடியில் அக்காவின் ஆலோசனை அறை தயார். இரண்டு நாற்காலிகளும் ஜன்னலைப் பார்த்தபடி பக்கம் பக்கமாக இருக்கின்றன. திங்கள்கிழமை மாலை முதல் ஆள் வருகிறார். அன்று காலை, மேற்பார்வையாளரின் தங்கைக்கு முதல் பாடம்.