நான் கொடுத்த சிபாரிசு

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடியில் வீடு பார்க்கப் போனோம். எனக்கில்லை. எங்கள் ஹைஸ்கூலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் கணக்கு வாத்தியாருக்கு. மனைவிக்கு எட்டாவது மாசம். பிரசவத்துக்குள் கூடவே அழைத்து வந்துவிட வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கடலை வியாபாரி. எனக்குப் பழக்கம். "வாங்க, வாங்க! உட்காருங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். உள்ளே திரும்பிக் காபிக்குச் சொன்னார். பின்கட்டில் இரண்டு அறை, கிணறு, எல்லாம் காட்டினார். வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம்தான் வீட்டுக்காரர் கேட்டார்.

"சாருக்கு எந்த ஊருங்க?"

"குளத்தூருங்க."

"குளத்தூர்ல... எங்கிட்டு?"

அகராதியைப் புரட்டினால் எந்தப் பக்கம் என்றுதான் அர்த்தம் போட்டிருக்கும். கிழக்கா மேற்கா என்று தெரிந்துகொண்டு இவர் என்ன சர்வேயா எடுக்கப் போகிறார்? ஜாதி என்ன என்று கேட்க வாய் கூசுகிறது — அதனால் திசையைக் கேட்கிறார். நம் ஊரில் யாருக்குத்தான் இது புரியாது?

வாத்தியார் மழுப்பவில்லை. "ஊருக்கு வெளியே, சேரிங்க" என்றார்.

"அப்படிங்களா... ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு ஓடு மாத்தணும். முடிச்சுட்டுச் சொல்லி அனுப்புறேன்."

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால், "ஒரு சொட்டு ஒழுகாதுங்க" என்று அவரே காட்டிய ஓடு! சொன்ன காபியும் வரவில்லை. சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, சட்டம் போட்டாயிற்று... எனக்கு ரத்தம் கொதித்தது. விட்டேனா? பிடி பிடி என்று பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க நீங்க, இவரைப் போய்! ரொம்பச் சுத்தமான மனுஷங்க. ரெண்டு வேளை குளிப்பாரு. கறி, மீனு கையால தொட மாட்டாரு. நான் கேரண்டி!"

அவர் மசியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அந்த வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பஸ் வந்து நின்றதும்தான் வாத்தியார் சொன்னார்.

"அவரு கேட்டது எனக்குப் பழகிப்போச்சுங்க சார். நீங்க சொன்னதுதான்... நான் குளிக்கிறேன்னு எதுக்குங்க சாட்சி சொன்னீங்க?"

இதை எழுதும்போதுகூட என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வீட்டுக்காரர் பேச்சுக்கெல்லாம் உள்ளர்த்தம் கண்டுபிடித்தவன், என் வாயிலிருந்து வந்ததைக் கவனிக்கவில்லையே! வாத்தியாருக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை.

என் தம்பிக்கு இதே ஊரில் வீடு பார்த்தபோது, அவன் தினமும் குளிப்பான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.