தேய்ந்த முனை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்லூரி விடுமுறையில், நானும் அத்தை மகன் செல்லையாவும் அன்னவாசல் பக்கத்துப் பாறையின் நெடிய வெடிப்பில் கைகால்களைச் செருகி ஏறினோம். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கிணற்றுக் கமலையின் வடத்தை எடுத்து வந்து, அதன் இரு முனைகளையும் இருவர் இடுப்பில் கட்டியிருந்தோம். ஒருவர் ஏறும்போது மற்றவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது திட்டில் கயிற்றை அவிழ்த்து இளைப்பாறினோம். எனக்குக் கால் நடுங்கியது. செல்லையா கீழே ஆடு மேய்த்தவர்களைப் பார்த்துக் கத்தினான்: “ஆத்தா, இங்கிட்டுப் பாருங்க! எங்க காலேஜ் மாப்ளைக்குத் தொடை நடுங்குது!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மறுபடி கட்டும்போது, கமலை உருளையில் உரசி நைந்திருந்த முனையைத் தெரிந்தே அவன் இடுப்பில் கட்டினேன்.

வெடிப்பில் இறுகியிருந்த ஒரு கல்லின்மேல் கயிற்றைப் போட்டுக்கொண்டு அவன் ஏற, நான் திட்டில் நின்று பிடித்தேன். இரண்டு ஆள் உயரத்தில் அவன் கால் வழுக்கியது. கயிறு இறுகி அறுந்தது. வெடிப்பில் செருகியிருந்த ஒரு கைதான் அவனைத் தாங்கியது. புறங்கைத் தோல் உரிந்து, ரத்தம் சொட்டத் திட்டுக்கு இறங்கி வந்தான்.

“பழைய கயிறு. நீ என்னடா செய்வே மாப்ளே?” என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

பல வருஷங்களுக்குப் பிறகு, உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றைய என்னை, வாய் திறக்காத அந்தக் கோழையை, நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபமாக இருக்கும்போது இப்போதெல்லாம் நான் யாருக்கும் ஒரு முடிச்சுக்கூடப் போடுவதில்லை. “நீங்களே கட்டிக்கங்க, இப்ப என்னை நம்பாதீங்க” என்று விலகிவிடுகிறேன்.