கம்பவுண்டர் பாண்டுரங்கன் கலக்கிக் கொடுத்த மருந்து

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் பாண்டுரங்கன் இருபது வருஷமாகக் கம்பவுண்டர். டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து மிக்ஸ்சர் கலப்பார். நோயாளி கொண்டுவரும் சீசாவில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரியும்படி பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். கை சுத்தம். வாய்தான் நீளம்.

1963-இல் அந்த வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு புத்த பிக்கு, காய்ச்சலோடு பஸ்ஸை விட்டு இறங்கி, டிஸ்பென்சரி பெஞ்சில் மூன்று நாள் படுத்திருந்தார். மருந்து கொடுக்கப் போன பாண்டுரங்கனிடம் அவர் சொன்னார்: “புத்தரும் வைத்தியர் மாதிரிதான். துக்கம்னு ஒரு நோய் இருக்கு. அதுக்குக் காரணம், தீராத தாகம் மாதிரி ஒரு பற்று. காரணம் போனா நோயும் போகும். போறதுக்கு வழி இருக்கு.”

தான் செய்கிற வேலையையே ஒருவர் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்துக்கே செய்திருக்கிறார் என்றதும் பாண்டுரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் வயிற்றுவலி என்று வந்தவனும் பல்வலி என்று வந்தவளும் ஆசையின் கெடுதலைக் கேட்காமல் சீசாவை வாங்க முடியாது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயில் வரிசையில்கூட நின்றுவிடலாம், இந்த ஆளிடம் நிற்க முடியாது என்று கடைத்தெருவே கிண்டலடித்தது.

கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஒரே மகள், ஆதிலட்சுமி. தாய் இல்லாத பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, வேலூரில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். அடுத்த வருஷம் ஆடியில், வந்து சேரச் சொல்லி டிஸ்பென்சரி விலாசத்துக்குக் கடிதம் வந்தது. பாண்டுரங்கன் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பெண்ணிடம் மூச்சு விடவில்லை.

“லெட்டர் வந்துச்சா நைனா?” என்று அவள் தினமும் கேட்டாள்.

“நீ அதையே புடிச்சுக்கினு கெடக்கறதாலதான் உனுக்கு துக்கம். ஆசைய விட்டுடும்மா” என்பார்.

எட்டாம் நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தார் மனுஷன். இப்படியும் ஒரு அப்பன்!

பத்தாம் நாள் தளவானூர் பச்சமுத்து வந்தான். விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலுக்குக் கொயினா மிக்ஸ்சர் வாங்கிப் போனவன். காய்ச்சல் விடவில்லை. பக்கத்தில் அவன் மனைவி உண்ணாமலை காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“வேளை தவறாம குடிச்சியா?” என்று கேட்டார் பாண்டுரங்கன்.

“சீசா காலிதான். கசப்பு தாங்கல, இவளக் குடிக்க வச்சேன். ஒரே வூடுதானே” என்றான் பச்சமுத்து.

“நாலு நாளா காது ரெண்டும் கொய்யினுது சாமி” என்றாள் உண்ணாமலை. கொயினா குடித்தால் காது அப்படித்தான் இரையும்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டுரங்கனுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. “ஏண்டா, நோவு உனுக்கு, மருந்து அவளுக்கா? நல்லா இருக்கற பொண்ணப் போயி…”

பாதியில் நின்றுவிட்டார். வீட்டில் தனியாக இருக்கப் பயந்தது யார்? விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது யார்? பிக்கு சொன்ன நோய் அவருக்கு. பத்து நாளாகக் கசப்பைக் குடித்தது ஆதிலட்சுமி.

டாக்டரிடம் சொல்லிவிட்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தார். கடிதத்தை மகளிடம் நீட்டினார்.

“எப்ப வந்துது?”

“பத்து நாளாச்சு. நீ போயிட்டா நான் எப்படி இருப்பேன்னு பயம். நோவு எனுக்கும்மா, உனுக்கில்ல.”

போய்ச் சேர நாளைதான் கடைசி நாள். அவள் அழவில்லை, அவரை மன்னிக்கவும் இல்லை. டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். முதுகுதான் அவர் பக்கம். வேண்டியதுதான் அவருக்கு.

விடியற்காலை பஸ்ஸில் கூட்டிப்போய், வேலூரில் ஹாஸ்டல் வாசலில் விட்டார். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் டிஸ்பென்சரியில் பக்கத்து மளிகைக் கடை ராஜாங்கம் இருமல் மருந்துக்கு வந்தவர் வழக்கம்போல் சீண்டினார்: “கம்பவுண்டரே, இன்னிக்கு புத்தரு இன்னா சொல்றாரு?”

பாண்டுரங்கன் சீசாவைக் கீழே வைத்தார்.

“துக்கம்னு ஒண்ணு இருக்குன்னு அவரு மொதல்ல சொன்னதே எனுக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது” என்றார். “வலிக்குதுப்பா.”